தண்ணீர் கேட்டால் கொடுப்பீர்களா?

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சின்னமனூரில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, சித்திரை பிறந்தாலே வீட்டில் ஆள் நடமாட்டம் கூடிவிடுகிறது. பரீட்சை எழுதிய பெண்களும் அவர்களைக் கூட்டிக்கொண்டு அப்பாக்களும் வருவார்கள். நர்ஸ் படிப்புக்கு எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கேட்பார்கள். ஒன்றில் ஹாஸ்டல் சாப்பாடு நன்றாக இருக்கிறதாம், இன்னொன்றில் படித்து முடித்த கையோடு வேலையாம், மற்றொன்றில் கட்டடமே மாளிகை மாதிரியாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் சொல்வது ஒன்றுதான்.

"அந்த ஸ்கூலு ஆஸ்பத்திரிக்குப் போயி வராந்தாவுல ஒரு காலப்பொழுது சும்மா உக்காந்திரு. யாராச்சும் ஒரு சீக்காளி தண்ணி கேப்பாக. அங்கன என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வா."

அப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கிழவிக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்ற நினைப்பு முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். காபியைக் குடித்துவிட்டு, மாளிகை மாதிரிக் கட்டடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். நானும் விட்டுவிடுவேன். இந்த வருஷம் கோம்பையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் நிஜமாகவே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "பாத்தேன் பெரியம்மா. ஆனா எதுக்கு அதைப் பாக்கச் சொன்னீகன்னு தெரிஞ்சாத்தேன் இன்னொரு ஸ்கூலுக்குப் போயிப் பாப்பேன்" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மார்க்கையன்கோட்டை. ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர். தண்ணீர்ப் பஞ்சம் என்றால் என்னவென்று சிறுவயதில் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சு. வளையல்காரருக்கும் உண்டு, வழி கேட்டு வந்தவருக்கும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் கிடையாது. பெற்ற உடம்புக்குள் தண்ணீர் போனால் ஜன்னி கண்டுவிடும் என்பது அன்றைக்கு எல்லா வீட்டிலும் இருந்த தீர்மானம். சுக்கு, மிளகு இடித்துச் செய்த காய மருந்து உருண்டையும், அதை விழுங்குகிற அளவுக்கு ஒரு வாய் வெந்நீரும் கொடுப்பார்கள். அதற்குமேல் கேட்டால் அதட்டுவார்கள்.

என் அக்கா காமாட்சி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோது நான் விவரம் தெரிந்த சிறுமி. ஆண் பிள்ளை பிறந்தது. மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. தண்ணீர், தண்ணீர் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அறையின் மூலையில் மண்பானை இருந்தது. அவள் கண் அதை விட்டு அகலவில்லை. மருத்துவச்சி வாசலுக்கு வந்து என் அய்யாவிடம், "பானையக் கண்ணுல படும்படி வைக்காதீக. பாத்தாக் கேக்கத்தேன் செய்யும்" என்றாள். ஆண்கள் நுழையாத அந்த அறைக்குள் அய்யா வந்தார். யாரையும் பார்க்காமல் பானையைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தார். மகளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். அக்கா அதற்கு அடுத்த நாள் போய்விட்டாள். பிள்ளையை அவன் அப்பா வீட்டார் எடுத்துப்போய் வளர்த்தார்கள்.

இத்தனை காலம் நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், தண்ணீர் கொடுத்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. அது பிரசவக் காய்ச்சல். அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை. ஆனால் தவித்துக்கொண்டு போயிருக்க மாட்டாள். அய்யா அதற்குப் பிறகு அவள் பெயரை எடுத்ததே இல்லை. வீட்டில் வேறு யாராவது எடுத்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

எனக்கும் கல்யாணம் நடந்தது. காலரா வந்த ஒரு வருஷத்தில் அவரும் போய்விட்டார். பதினெட்டு வயதில் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தேன். மூலையில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. எட்டாவது வரை படித்திருந்தேன். நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றேன். அய்யாவின் தங்கை, எங்கள் சின்னத்தாய் அத்தை, தலையில் கைவைத்துக்கொண்டாள். "கண்டவுக பீ மூத்திரம் அள்ளுறதுக்கா இவள வளத்தோம்? அதுவும் அங்கன போனா வேதத்துல சேத்துருவாக" என்றாள். கிறிஸ்தவளாக்கிவிடுவார்கள் என்று பயம். அய்யா இரண்டு நாள் கழித்து, "எந்த ஊர்ல படிக்கிறதுன்னு விசாரிப்போம்" என்று மட்டும் சொன்னார்.

விசாரித்ததில் இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று மதுரையில். போடி ரயிலில் தேனியில் ஏறினால் நேராகப் போய் இறங்கிவிடலாம், ஊர்க்காரர் வீடு பக்கத்தில் இருக்கிறது, படிக்கிற காலத்தில் கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்ச் சீமையில். அய்யா ஏலமலைக்கு அரிசி ஏற்றிப் போய்வந்தவர். அங்கே ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளை அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லியிருந்தார். கூடலூர் தாண்டி மலையேறி, குமுளியில் வேறு வண்டி மாறி, மழையிலும் அட்டையிலும் அல்லாட வேண்டும். அத்தை உட்பட எல்லாருக்கும் மதுரைதான் பிடித்திருந்தது. எனக்கும்தான். புளித்த மோரும் குண்டு அரிசிச் சோறும் தின்றுகொண்டு புரியாத பாஷையில் பாடம் படிக்க யாருக்கு ஆசை?

ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வது என்று மனதில் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மதுரையில் எங்களைப் பார்த்த அம்மாள் நல்ல மனுஷி. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். என் கையெழுத்தைப் பார்த்துப் பாராட்டினார். நான் எழுந்து நின்று, "பிள்ளை பெத்தவுக தண்ணி கேட்டா இங்கன குடுப்பீகளா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அதையெல்லாம் டாக்டர் சொல்வார் அம்மா. நீ முதலில் பாடத்தைப் படி" என்றார். தப்பான பதில் என்று சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் அங்கே படித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். கையிலும் சுத்தம், வேலையிலும் சுத்தம். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில் ஏறிவிட்டது. வண்டி பாதி வழியில் நின்றுபோனதால் கடைசித் தூரம் நடந்து போனோம். மேட்ரன் குள்ளமான மலையாளத்துக்காரி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வராந்தாவில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திட்டை நிறுத்தினார். பெயர் கேட்கவில்லை, எதற்கு வந்தோம் என்றும் கேட்கவில்லை. அய்யாவின் உதட்டைப் பார்த்தார். உள்ளே போய்ச் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை மூக்கு வைத்த பெரிய கிண்டிச் செம்பில் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அய்யா அதை வாங்கி அண்ணாந்து குடித்து முடிக்கிற வரை அங்கேயே நின்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

நான் அதே கேள்வியைக் கேட்டேன். மேட்ரன் சிரிக்கவில்லை. "ஆரா மோளே மரிச்சது?" என்றார். யார் செத்துப்போனார்கள் என்று கேட்கிறார். அய்யா பக்கத்தில் இருந்தார். "அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"கொடுக்கும் மோளே. பெற்றவளுக்குக் கொடுக்கும், காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும். பட்சே கொடுக்க முடியாத ஆளும் உண்டு. வயிறு கீறித் தைச்ச ஆளுக்குக் கொடுத்தால் செத்துப் போகும். அவன் கேட்டு அழுதால் நீ என்ன செய்யும்?"

"தெரியலையே" என்றேன்.

"அதுதான் இங்கே படிப்பு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடரப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மலையடிவாரத்து லோயர்கேம்ப் வந்து இறங்கியதும் அய்யா, "அங்கனயே படி ஆத்தா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "அங்கன தண்ணி நல்லாருக்கு" என்று பதில் சொன்னார். நர்ஸ் படிக்கப் போகிறவளுக்குத் தண்ணீர் நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அத்தை ஒரு மாசம் புலம்பினாள்.

படித்த வருஷங்களை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பு, ஜுரக் குறிப்பு, கொதிக்கிற அண்டா, மழை. பாஷை சீக்கிரமே வந்துவிட்டது, குண்டு அரிசிதான் கடைசி வரை தொண்டையில் இறங்கவில்லை. மேட்ரன் வைத்திருந்த ஒரு வழக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவள் ஒவ்வொருத்தியையும் ஒரு நாள் நோயாளியாகக் கட்டிலில் படுக்கவைப்பார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. கூடப் படிக்கிறவள் ஒருத்திதான் எல்லாம் பார்க்க வேண்டும். மத்தியானத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அறையில் யாரோ டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் காதில் விழும். அப்போதுதான் மேட்ரன் வந்து வாய் நனைக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பார்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, அதன்மேல் மெல்லிய துணியைக் கட்ட வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் தோய்த்து, கிண்ணத்தின் விளிம்பில் அழுத்தி, தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். கடைவாயில் தொடங்கி ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடிப்பக்கம், கடைசியில்தான் நாக்கு. நாக்கில் முதலில் வைத்தால் ஆள் பஞ்சைக் கவ்விச் சப்பிவிடுவார். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்து முடிக்க வேண்டும். வயிற்றுக்கு ஒன்றும் போகாது. ஆனால் பாதித் தாகம் வாயில்தான் இருக்கிறது, அது போய்விடும். கட்டிலில் படுத்துக் கிடந்தபோது என் கன்னத்துக்குள் அந்த ஈரம் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு இதையாவது செய்திருக்கலாமே என்றுதான்.

இன்னொரு விதியும் உண்டு. வார்டுக்குள் 'கிடையாது' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. தண்ணீர் கேட்டால், எப்போது கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். எப்போது என்று தெரியாவிட்டால், எது நடந்தால் கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நகரக் கூடாது, பக்கத்திலேயே நிற்க வேண்டும். மறந்துபோய் 'கிடையாது' என்று சொன்னவள் மறுபடி ஒரு நாள் கட்டிலில் படுப்பாள். நான் மூன்று தடவை படுத்தேன்.

படித்து முடித்து, மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் பள்ளத்தாக்குக்கே திரும்பி, கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பிறகு யுத்தம் வந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பெரிய கேஸ் என்றால் மதுரைக்கு அனுப்பிவிடலாம் என்ற தைரியம் எங்களுக்குப் போய்விட்டது. நல்ல காலமாக, பர்மாவில் வேலை பார்த்துவிட்டு யுத்தத்தில் ஓடிவந்த டாக்டர் ஒருவர் எங்களுக்கு வாய்த்தார். அதிகம் பேச மாட்டார், கத்தி பிடித்தால் கை நடுங்காது.

அந்தக் காலத்தில் ஒரு நாள் முன்பகலில் மாட்டுவண்டி ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. வண்டியோடு ஓடிவந்த அத்தையைத்தான் முதலில் பார்த்தேன். வண்டிக்குள் வைக்கோல்மேல் அய்யா கிடந்தார். சந்தையில் புதிதாகப் பிடித்துவந்த காளையை ஆற்றில் தண்ணீர் காட்டக் கொண்டுபோயிருக்கிறார். அது மிரண்டு வயிற்றில் குத்திவிட்டது. குடல் வெளியே சரிந்திருந்தது. யாரோ புத்திசாலி, ஈர வேட்டியை அதன்மேல் போர்த்திவிட்டிருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்க அப்பாவா? வேற ஆளைப் போடட்டுமா?" என்றார். வேறு ஆள் எங்கே இருந்தது? கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மயக்க மருந்து கொடுத்து, கிழிந்த இடத்தைத் தைத்து, குடலைக் கழுவி உள்ளே வைத்து மூடினார். முடிந்ததும், "தையல் பிடிக்கிற வரைக்கும் வாயில ஒரு சொட்டு போகக் கூடாது, சிஸ்டர். வயித்துல காத்து பிரியட்டும். அதுக்கப்புறம் பாப்போம்" என்றார். தொடையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீரை மெதுவாக ஏற்றினோம்.

மயக்கம் தெளிந்ததும் அய்யா கேட்ட முதல் வார்த்தை தண்ணீர்தான். நான் விதிப்படி சொன்னேன். "காத்துப் பிரிஞ்சதும் தாரேன்யா." வாயை நனைத்தேன். உதட்டுக்கு எண்ணெய் வைத்தேன். கொஞ்சநேரம் அடங்கியிருப்பார், மறுபடி கேட்பார். ஒரு தடவை தொடையைக் காட்டி, "அங்கன ஊத்துறத இங்கன ஊத்துனா என்னத்தா?" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் காய்ச்சல் ஏறியதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் கெஞ்சினார். அவர் என் அய்யா. என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவர். பக்கத்து மேஜையில் மூடிவைத்த கூஜா இருந்தது. அதைத் தூக்கி வெளியே வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை போயிற்று. வைக்கவில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

அன்று காலையில்தான், ஊருக்குத் திரும்பிப் போயிருந்த அத்தை உறவு முறையையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தாள். மார்க்கையன்கோட்டையே வந்துவிட்டது என்று சொல்லலாம். அத்தை கையில் பால் சொம்பு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆள் பிழைக்காது என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். சாகிறவருக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றி அனுப்பிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத அதே ஊர், சாகப் போகிறவருக்குச் சொம்பு சொம்பாகக் கொடுக்கும்.

"அத்த, பால் ஊத்தக் கூடாது" என்று வழியை மறித்து நின்றேன்.

"ஊத்தாம? எங்கண்ணனத் தவிச்ச வாயோட அனுப்பச் சொல்றியா? பெத்த மகளா நீ? நேத்துலருந்து தண்ணி தண்ணின்னு கதறுறாக, குடுக்க மாட்டேங்கிறியாமே. விலகு."

பின்னால் நின்ற கூட்டம் நெருங்கியது. முந்தின நாளிலிருந்து கூடவே இருந்த என் அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார். அந்தச் சொம்பு அய்யா வாய்க்குப் போனால் தையல் விட்டுவிடும், ஆள் போய்விடுவார். 'கிடையாது' என்று கத்தியிருந்தால் என்னைத் தள்ளிவிட்டு ஊற்றியிருப்பார்கள். எனக்கு மேட்ரன் முகம்தான் ஞாபகம் வந்தது.

"அத்த, அய்யாவுக்கு எல்லாரும் குடுங்க. நான் வேணாங்கல. ஆனா நான் சொல்ற மாதிரிக் குடுங்க. முதக் கை ஒங்க கைதேன்."

அத்தையைக் கூட்டிக்கொண்டுபோய்க் கையைக் கழுவவைத்தேன். பஞ்சுக் குச்சியைக் கையில் கொடுத்து, தோய்த்து, பிழிந்து, தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். கடைவாயில் வைக்கச் சொன்னேன். அத்தை வைத்தாள். அய்யா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்டதும் அத்தை உடைந்து அழுதாள். "ஆறுதாண்ணே? ஆறுதா?" என்று கேட்டாள். அவர் தலையை அசைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. அத்தை கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு உறவு முறையை வரிசையில் விட்டாள். "ஏலே, கையக் கழுவுனியா? காட்டு. சொட்டுதுல்ல, பிழி. நாக்குல வைக்காத, கன்னத்துல வை." என் மேட்ரன் அவளை ஒரு வருஷத்தில் ஸ்டாஃப் நர்ஸாக்கியிருப்பார். பால் சொம்பு ஜன்னலில் இருந்தபடியே திரிந்துபோயிற்று. டாக்டர் திரும்பி வந்து, வராந்தா வரை நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, "கோயில்ல தீர்த்தம் குடுக்கிறீங்களா சிஸ்டர்?" என்றார். கிட்டே வந்து ஒருவர் பிழிகிறதைப் பார்த்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் அப்படிப் போயிற்று. காற்றுப் பிரிந்தால் தண்ணீர் என்ற செய்தி வார்டு முழுக்கப் பரவி, பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடக் காலையில் எழுந்ததும், "ஆச்சா?" என்று விசாரித்தார்கள். காய்ச்சல் இறங்கிய அன்று வெயில் தாழ்கிற நேரத்தில் அத்தை வராந்தாவில் ஓடி வந்தாள். ஜாடையாகச் சொல்லத் தெரியாதவள். "விட்டுட்டாக ஆத்தா, விட்டுட்டாக. நான் என் காதால கேட்டேன்" என்று ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி சொன்னாள். டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு ஸ்பூன் குடுங்க" என்றார்.

கூஜாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அய்யாவின் வாயருகே கொண்டுபோனேன். இத்தனை நாள் கெஞ்சிய மனுஷர் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காமாச்சியும் இப்பிடித்தேன் கேட்டா" என்றார். அக்கா இறந்த பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். "பானையத் தூக்கி வெளிய வச்சேன்ல."

ஸ்பூனைக் கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீயா இருந்தா அவளுக்குக் குடுத்திருப்பேல்ல ஆத்தா?"

"குடுத்திருப்பேன்யா."

பிறகுதான் வாயைத் திறந்தார்.